எடைக்களத்துக்கு ஒரு டோக்கன்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சின்னச் சின்னக் காபித் தோட்டம் வைத்திருக்கும் சிலருக்காக ஒரு இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நான் இருப்பது கீழே, சேலம் அஸ்தம்பட்டியில். பறிப்பு நாட்களில் யார் எத்தனை கிலோ பழம் கொண்டுவந்தார்கள் என்பதைக் களத்தில் எடை போட்ட கையோடு போனில் ஏற்றுவார்கள். அது தளத்துக்கு வந்து சேரும். வாரக் கூலி அந்தக் கணக்கில்தான் போகும்.

போன பறிப்பு தொடங்கிய இரண்டாவது வாரம் ஒரு போன் தொலைந்துவிட்டது. தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் அண்ணன் போன் போட்டு, "தம்பி, அந்தப் போனை வச்சு யாராச்சும் எடையை மாத்திப்புட முடியுங்களா?" என்று கேட்டார். "முடியும் அண்ணே" என்பதுதான் உண்மையான பதில். அந்த ஆப் லாகின் செய்ததும் பெயரையும் பாஸ்வேர்டையும் போனிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை சர்வரோடு பேசும்போதும் இரண்டையும் சேர்த்தே அனுப்பும். நாலு வருடத்துக்கு முன் அவசரத்தில் நான் அப்படி எழுதிக் கொடுத்தேன். தொலைந்த போனைத் தடுக்க வேண்டுமென்றால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அதே பாஸ்வேர்டில்தான் மற்ற மூன்று களங்களின் போன்களும் ஓடிக்கொண்டிருந்தன. மாற்றினேன். அன்று மாலை மூன்று களத்திலும் எடை நின்றது. ஒரு களத்தில் புது பாஸ்வேர்டை அட்டையில் எழுதித் தராசுக் கம்பத்தில் ஒட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேறு வழி நான் வைக்கவில்லை.

அதனால் இந்த வேலையை எடுத்தேன். லாகின் சரியாக இருந்தால் சர்வர் ஒரு டோக்கனை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் காட்டும் சீட்டு போன்ற ஒரு எழுத்துச் சரத்தை, திருப்பித் தர வேண்டும். அதற்கப்புறம் ஆப் அந்த டோக்கனை மட்டும் காட்டிப் பேச வேண்டும், பாஸ்வேர்டு போனில் தங்கவே கூடாது. ஒரு போன் போனால் அந்தப் போனின் டோக்கனை மட்டும் கிழித்துப் போட முடிய வேண்டும். கேட்க ஒரு நாள் வேலை போல இருக்கும். எனக்கு மூன்று வாரம் ஆனது, அதில் பாதி நான் முதலில் எடுத்து, பிறகு முழுக்க அழித்த வழியில் போனது.

முதலில் லாகினின் பதிலைப் பற்றி. பழைய பதில் ஒரு சின்ன ஜேசன், பெயரும் மதிப்புமாக எழுதிய தகவல் துண்டு. சரியா தவறா என்று ஒன்று, பயனரின் பெயர் ஒன்று, எந்தத் தோட்டம் என்று ஒன்று. இதில் எதையும் மாற்றக் கூடாது, சேர்க்க மட்டும்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். மேலே இருக்கும் போன்களில் எல்லாமே ஒரே நாளில் புது ஆப்புக்கு மாறாது. பழைய ஆப் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு தெரியாததை விட்டுவிடும். புதிதாகச் சேர்த்தவை மூன்று: ஆக்சஸ் டோக்கன், டோக்கன் டைப், எக்ஸ்பயர்ஸ் இன். இந்தப் பெயர்கள் நான் வைத்தவை அல்ல. ஆப்புகளுக்கு டோக்கன் வழியே அனுமதி தரும் பொது முறை ஓஆத் 2.0. அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 6749, 2012 அக்டோபரில் வந்தது. அதில் டோக்கன் தரும் பதில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் ஓஆத் செய்யவில்லை. ஆனாலும் பெயரைப் பொதுவில் உள்ளபடி வைத்தால் நாளைக்கு இதைத் தொடப்போகிறவருக்குக் கேள்வி எழாது. அதே ஆவணம் இன்னொன்றும் கேட்கிறது: டோக்கன் இருக்கும் பதிலோடு கேஷ் கண்ட்ரோல் என்ற ஹெடரில் (பதிலின் தலையில் போகும் குறிப்பு வரி) நோ ஸ்டோர் என்று அனுப்ப வேண்டும், வழியில் எதுவும் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஒரே வரிதான், மறக்காமல் போட வேண்டும்.

டோக்கனாக எதைத் தருவது என்பதில்தான் நான் வழி தவறினேன். எல்லோரும் ஜேடபிள்யூடி (ஜேசன் வெப் டோக்கன்) என்கிறார்கள், தகவலையும் கையொப்பத்தையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் டோக்கன் அது, நானும் அதையே எடுத்தேன். புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டுகள்: தலைப்பு, உள்ளடக்கம், கையொப்பம். எச்எஸ்256 முறையில் கையொப்பம், 32 பைட் சாவி. சர்வர் தரவுத்தளத்தைத் தொடாமலே கையொப்பத்தைச் சரிபார்த்து இது நம் டோக்கன்தான் என்று சொல்லிவிடலாம். இதன் சிக்கனம் பெரிய தளங்களுக்குப் புரியும். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் நடுத்துண்டை எடுத்து, அது எழுதப்பட்டிருந்த பேஸ்64 என்ற எழுத்து வடிவத்தைப் பிரித்துக் காட்டி, "அண்ணா, இதுல ரைட்டரோட போன் நம்பர் அப்படியே தெரியுதே" என்றாள். தெரியத்தான் செய்யும். அது பூட்டு அல்ல, முத்திரை. யாரும் படிக்கலாம், மாற்றினால் மட்டும் தெரிந்துவிடும். போன் நம்பரை எடுத்துவிட்டு வெறும் பயனர் எண்ணை வைத்தோம்.

ஜேடபிள்யூடியைக் கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியாது. அதனால் ஆயுளைக் குறைவாக வைக்கச் சொல்வார்கள். 15 நிமிடம் வைத்தேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டு கேட்க முடியாதல்லவா, அதற்கு ரிஃப்ரெஷ் டோக்கன் என்று இன்னொன்று. அதைக் காட்டினால் புது ஜேடபிள்யூடி கிடைக்கும். ரிஃப்ரெஷ் டோக்கனையும் ஒவ்வொரு முறையும் மாற்றிக் கொடுக்க வேண்டும், பழையது மறுபடி வந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு அந்த லாகினிலிருந்து வந்த டோக்கன் கிளையையே வெட்டிவிட வேண்டும். இதெல்லாம் நல்ல பழக்கம்தான், நான் மறுக்கவில்லை. அப்படியே எழுதினேன்.

சர்வரில் ஏற்றியதும் முதல் அடி. எந்தக் கோரிக்கை வந்தாலும் 401, அதாவது நீ யாரென்று தெரியவில்லை என்ற பதில். என் கணினியில் சரியாக ஓடியது, பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஹோஸ்டிங்கில் ஓடவில்லை. ஒரு மாலை முழுக்கக் கையொப்பத்தையும் சாவியையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியில் வந்த ஹெடர்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கொட்டிப் பார்த்தபோது, டோக்கனைத் தாங்கி வர வேண்டிய ஆத்தரைசேஷன் ஹெடரே அதில் இல்லை. அப்பாச்சி என்ற வெப் சர்வர், என் கோட் எழுதியிருக்கும் பிஎச்பியை சிஜிஐ வழியாக, அதாவது தனி நிரலாக, ஓட்டும்போது அந்த ஹெடரை உள்ளே கடத்தாது. பாஸ்வேர்டு தாங்கும் ஹெடர் வேறு நிரல்களின் கையில் சிக்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கை அது. எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் சிஜிஐபாஸ்ஆத் ஆன் என்று ஒரு வரி போட்டதும் வந்துவிட்டது. அப்பாச்சி 2.4.13 முதல் இது வேலை செய்யும். அதற்கு முந்தையது என்றால் செட்என்விஃப் வைத்து அந்த ஹெடரை ஒரு சூழல் மாறியில் நகலெடுத்துத் தர வேண்டும். 401 வந்தால் நிரலைத் தோண்டுவதற்கு முன் ஹெடர் உள்ளே வந்ததா என்று பாருங்கள். எனக்கு ஒரு மாலை மிஞ்சியிருக்கும்.

அடுத்தது ஆப்பில் மட்டும் வந்தது, கணினியில் கர்ல் என்ற கருவி வைத்துக் கோரிக்கை அனுப்பினால் வரவில்லை. எங்கள் ஆப் உள்ளுக்குள் ஒரு வெப் பக்கம்தான், ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. இதுவரை சாதாரண ஃபார்ம் போலப் பெயரும் பாஸ்வேர்டும் அனுப்பியதால் உலாவிக்கு அதில் சந்தேகம் எதுவும் இல்லை. ஆத்தரைசேஷன் ஹெடர் சேர்ந்ததும் உலாவி முன்னால் ஆப்ஷன்ஸ் என்ற வகைக் கோரிக்கை ஒன்றை அனுப்பி, இந்த ஹெடரோடு வரலாமா என்று கேட்கும். அந்தக் கேள்வியில் டோக்கன் இருக்காது. என் கோட் அதற்கும் டோக்கன் எங்கே என்று கேட்டு 401 கொடுத்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பவரிடம் உள்ளே வந்து அடையாள அட்டை காட்டச் சொல்வது போல. ஆப்ஷன்ஸுக்கு டோக்கன் சோதனையை விட்டுவிட்டேன். கூடவே அந்த அனுமதியை உலாவி ஞாபகம் வைத்துக்கொள்ள மேக்ஸ் ஏஜ் 7200 வினாடி கொடுத்தேன். குரோம் வகை உலாவிகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. நகரத்தில் இது சின்ன விஷயம். மலையில் ஒவ்வொரு எடைக்கும் ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை சர்வருக்குப் போய்வருவது சின்ன விஷயம் இல்லை.

சரி, இனி மேலே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தேன். கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதியிருக்கும். போகப் போகப் போனில் சிக்னல் கோடுகள் குறைந்து, திரும்பி, மறுபடி குறையும். இந்த ஆப்பின் உலகமே இதுதான் என்று அன்று போல எனக்கு என்றும் உறைத்ததில்லை.

மாலை நாலு மணிக்குக் களம். சில்வர் ஓக் மரத்தில் கட்டிய கொக்கியில் தராசு தொங்குகிறது. ஒரு அம்மா சாக்கை இறக்குகிறார், இருவர் தூக்கி மாட்டுகிறார்கள், முள் ஆடி அடங்க இரண்டு மூச்சு ஆகிறது. "இருபத்து மூணரை" என்று ஒருவர் குரல் கொடுக்கிறார். ரைட்டர் அண்ணன் பழச்சாறு பிசுபிசுத்த விரலை வேட்டியில் துடைத்து, திரையில் பெயரைத் தேடி, 23.5 என்று அடித்து அமுக்குகிறார். அந்த அம்மா நகராமல் நிற்கிறார். பச்சையாக ஒரு டிக் வந்தால்தான் நகர்வார். அவருக்கு அந்த டிக்தான் கூலி. பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோல் உரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். ஒருவரும் காத்திருக்க முடியாது.

ஆறாவது சாக்கில் ஆப் லாகின் திரைக்குப் போய்விட்டது.

மறுபடி லாகின் செய்தார்கள். ஒன்பது சாக்கு போனது. மறுபடி லாகின் திரை. ரைட்டர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கல்மேல் வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த செக்ரோல் நோட்டை, கூலிக் கணக்கு எழுதும் நோட்டை, எடுத்துப் பேனாவால் எழுத ஆரம்பித்தார். அந்த வரிசை அதற்கப்புறம் ஒரு நொடி நிற்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன நடந்தது என்று அன்றிரவு சர்வர் பதிவுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு தப்பு, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது.

முதலாவது நேரக் கணக்கு. ஜேடபிள்யூடியில் காலாவதி நேரம் 1970 ஜனவரி 1 முதல் வினாடியில் எண்ணப்படும். ஜாவாஸ்கிரிப்ட் இப்போதைய நேரத்தை மில்லி வினாடியில் தரும். இரண்டையும் நான் நேராக ஒப்பிட்டிருந்தேன். ஆயிரம் மடங்கு பெரிய எண்ணோடு ஒப்பிட்டால் எந்த டோக்கனும் காலாவதியானதாகத்தான் தெரியும். அதனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய ரிஃப்ரெஷ் ஒவ்வொரு சாக்குக்கும் நடந்திருக்கிறது. சேலத்தில் வேகமான இணைப்பில் இது கண்ணில் படவே இல்லை, எல்லாம் அரை நொடியில் முடிந்தது. இதை ஆயிரத்தால் வகுத்துச் சரிசெய்தாலும் போதாது. அன்று களத்தில் இருந்த போன் ஒன்றில் தானியங்கி நேரம் அணைக்கப்பட்டு, கடிகாரம் பல நிமிடம் பின்தங்கியிருந்தது. போனின் கடிகாரத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது தப்பு அசலானது. போன் ரிஃப்ரெஷ் டோக்கனை அனுப்புகிறது. சர்வருக்கு வந்து சேர்கிறது. சர்வர் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதிப் பதில் அனுப்புகிறது. அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விடுகிறது. பதில் போனுக்கு வரவில்லை. போன் என்ன செய்யும்? தன்னிடம் இருக்கும் பழையதையே மறுபடி அனுப்பும். சர்வர் பார்வையில் அடித்த டோக்கன் மறுபடி வந்தால் அது திருட்டு. கிளையை வெட்டு, வெளியே தள்ளு. எந்தத் திருடனும் இல்லை, நாகலூர் மேட்டில் சிக்னல்தான் இல்லை. அரிதாக நடக்க வேண்டிய இது, முதல் தப்பினால் சாக்குக்குச் சாக்கு நடக்கும் வாய்ப்பாகிவிட்டது.

இதை வீட்டிலேயே நடத்திப் பார்க்க ஒரு வழி வைத்துக்கொண்டேன். சர்வரில் புது டோக்கனை எழுதியபின் பதில் அனுப்பும் முன் 30 வினாடி தூங்கும்படி ஒரு வரி. அந்த இடைவெளியில் போனை ஏரோப்ளேன் மோடில் போட வேண்டும். ஒரு நிமிடம் கழித்து எடுத்தால் அச்சு அசலாக அதே லாகின் திரை. சிக்னல் இல்லாத ஊருக்கு ஆப் எழுதுகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எதையும் வெளியே விடக் கூடாது. பதில் தாமதமாவதை எல்லோரும் சோதிப்பார்கள். வேலை நடந்து முடிந்து பதில் மட்டும் தொலைவதை யாரும் சோதிப்பதில்லை.

திருத்த வழிகள் இருந்தன. பழைய டோக்கனை ஒரு நிமிடம் வரை மன்னிக்கலாம். இங்கே சிக்னல் ஒரு நிமிடத்தில் திரும்பாது, சில நாள் மாலை போனால் மறுநாள் காலையில்தான். இன்னொரு வழி, புது டோக்கன் முதல் முறை பயன்படும்வரை பழையதையும் செல்ல விடுவது. இது சரியான வழி, காகிதத்தில் வரைந்துகூட பார்த்தேன். வரைந்து முடித்தபோதுதான் வேறொரு கேள்வி வந்தது. இவ்வளவும் எதற்காக? தரவுத்தளத்தைத் தொடாமல் சரிபார்க்கும் வசதிக்காக. என் சர்வர் ஒவ்வொரு எடைக்கும் எப்படியும் தரவுத்தளத்தில் ஒரு வரி எழுதத்தான் போகிறது. மொத்தம் நாலு களம், ஏழு போன். ஒரு வரியை எழுதுகிற இடத்தில் இன்னொரு வரியைப் படிப்பதை மிச்சம் பிடிப்பதற்காக நான் இரண்டு டோக்கன், சுழற்சி, திருட்டுக் கண்டுபிடிப்பு என்று ஒரு கோட்டையே கட்டியிருக்கிறேன்.

அடுத்த நாள் ஜேடபிள்யூடியையும் ரிஃப்ரெஷையும் முழுக்க எடுத்துவிட்டேன். பத்து நாள் உழைப்பு. எடுத்தபோது மனசு லேசானதுதான் உண்மை.

இப்போது இருப்பது இது. லாகின் சரியானதும் பிஎச்பியின் ரேண்டம் பைட்ஸ் என்ற கட்டளை 32 பைட் தற்செயல் எண் தருகிறது. அதைப் பதினாறடிமான எழுத்தாக்கினால் 64 எழுத்து. அதன் முன்னால் நம் தளத்துக்கென்று ஒரு சின்ன முன்னொட்டு. இதுதான் டோக்கன். இதில் எந்தத் தகவலும் இல்லை, பிரித்துப் பார்க்க ஒன்றும் கிடையாது. போனுக்கு இதைத் தருகிறோம். நம் டேபிளில் இதை வைப்பதில்லை, இதன் ஷா256 ஹாஷை, அதாவது இதிலிருந்து கணக்கிட்ட, ஆனால் திரும்ப இதைக் கண்டுபிடிக்க முடியாத ஒரு எண்ணை மட்டும் வைக்கிறோம். கூடவே பயனர் எண், போனுக்கு ஒரு பெயர், உருவாக்கிய நேரம், கடைசியாகப் பயன்பட்ட நேரம். கோரிக்கை வரும்போது வந்த டோக்கனை ஹாஷ் செய்து டேபிளில் தேடுகிறோம். பிஎச்பி தளங்கள் கட்ட உதவும் லாரவெல்லின் டோக்கன் தொகுப்பான சாங்க்டமும் டோக்கனின் ஷா256 ஹாஷைத்தான் டேபிளில் வைக்கிறது. லாரவெல்லில் தளம் வைத்திருப்பவர்கள் சொந்தமாக எழுதாமல் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டுக்கு பிகிரிப்ட் என்ற மெதுவான ஹாஷ் வைத்துவிட்டு டோக்கனுக்கு ஏன் வெறும் ஷா256 என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. பாஸ்வேர்டு மனிதர் யோசித்து வைப்பது. பிள்ளை பெயர், பிறந்த வருடம் என்று ஊகித்துவிடலாம். ஊகிப்பவரைக் களைக்க வைக்கத்தான் மெதுவான ஹாஷ். 256 பிட் தற்செயல் எண்ணை யாரும் ஊகிக்க முடியாது, அங்கே மெதுவாக்கி ஆவதற்கு ஒன்றுமில்லை. மேலும் பிகிரிப்ட் ஒவ்வொரு முறையும் வேறு உப்பு (தற்செயலாக எடுத்த சில எழுத்துகள்) சேர்த்து வேறு விடை தரும், அதை வைத்து டேபிளில் நேராகத் தேட முடியாது.

ஆயுள் 45 நாள், கடைசியாகப் பயன்பட்ட நாளிலிருந்து. லாகின் பதிலில் எக்ஸ்பயர்ஸ் இன் 3888000 வினாடி என்று போகிறது. பறிப்பு முடிந்து தை மாசியில் போன் ஓரமாகக் கிடந்தால் டோக்கன் தானாகச் செத்துவிடும். பறிப்பு நடக்கும்வரை ஒருவரும் லாகின் திரையைப் பார்க்க வேண்டாம். கடைசியாகப் பயன்பட்ட நேரத்தை ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுதுவதில்லை, நாளுக்கு ஒருமுறை போதும். ஆப் இப்போது காலாவதியைக் கணக்கே பார்ப்பதில்லை. அனுப்பும், 401 வந்தால் லாகின் கேட்கும், அவ்வளவுதான். கடிகாரம் எப்படி ஓடினாலும் கவலை இல்லை.

401 வந்தால் என்ன செய்வது என்பதில் ஒரு கண்டிப்பு வைத்தேன். முன்பு ஆப் லாகின் திரைக்குப் போகும்போது எல்லாவற்றையும் துடைத்துவிடும், அனுப்பாமல் நிற்கும் எடைகளையும் சேர்த்து. அந்த வரியை எழுதியதற்கு இன்றும் வருந்துகிறேன். இப்போது டோக்கன் மட்டும் போகும், எடைகள் போனிலேயே இருக்கும். ஒவ்வொரு எடையோடும் அதைப் பதிந்தவர் எண் இருக்கும், அவரே மறுபடி லாகின் செய்தால்தான் அவை கிளம்பும். வேறொருவர் அந்தப் போனில் நுழைந்தால் அவர் பெயரில் போய்விடாது.

பதில் தொலையும் அதே நோய் எடைக்கும் உண்டு. எடை சர்வரில் பதிவாகிவிட்டது, டிக் வரவில்லை, ஆப் மறுபடி அனுப்பியது, ஒரு சாக்கு இரண்டாகிவிட்டது. போன பறிப்பில் அப்படி ஐந்தாறு இருந்தன, கையால் தேடி நீக்கினோம். இப்போது ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாகிறது. டேபிளில் அது இருமுறை வர முடியாது. இரண்டாம் முறை வந்தால் சர்வர் பிழை சொல்லாமல், முதலில் சொன்ன அதே பதிலைச் சொல்லும். பச்சை டிக்குக்கும் இரண்டு நிலை வைத்தோம். போனில் பதிந்தால் ஒரு டிக், சர்வரில் சேர்ந்தால் இரண்டு. வாட்ஸப் பழகிய யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டோக்கனை ஆப்பில் எங்கே வைப்பது? ஆண்ட்ராய்டு தன் சாவிகளைக் காக்கும் கீஸ்டோரின் சாவி கொண்டு பூட்டிய சேமிப்பில் வைத்தோம், தானியங்கி பேக்கப்பிலிருந்து விலக்கினோம். தோட்டக்காரர்கள் கணினியில் பார்க்கும் கணக்குப் பக்கத்துக்கு டோக்கன் கொடுக்கவில்லை. அங்கே, பக்கத்தின் ஸ்கிரிப்டுகள் படிக்க முடியாத எச்டிடிபி ஒன்லி குக்கியோடு பழைய செஷனே நன்றாக ஓடுகிறது. உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் டோக்கனைப் போட்டால் அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் அதை எடுத்துவிடலாம். ஆப்புக்கு வந்த தேவையை உலாவிக்கும் இழுக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

முன்னொட்டு பற்றிச் சொன்னேன் அல்லவா, அது ஒரு நாளிலேயே பலன் கொடுத்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2021ல் தன் டோக்கன்களுக்கு அடையாள முன்னொட்டு வைத்தது, எங்காவது தவறிக் கசிந்தால் தேடிப் பிடிக்க வசதியாக. அதைப் பார்த்துத்தான் நானும் வைத்தேன். புது லாகினை ஏற்றிய மறுநாள் சர்வரின் எல்லாக் கோப்புகளிலும் அந்த முன்னொட்டைத் தேடினேன். எங்குமே வரக் கூடாது. சர்வரில் நடப்பதைப் பதிந்துவைக்கும் ஒரு லாக் கோப்பில் 11 வரி வந்தது. ஆப்போடு பேசும் சர்வர் பகுதிக்கு (ஏபிஐ) வரும் கோரிக்கை, போகும் பதில் இரண்டையும் முழுசாக எழுதிவைக்கும் ஒரு வசதியை, ஏதோ பிழை தேடுவதற்காக எப்போதோ இயக்கிவிட்டு அணைக்க மறந்திருக்கிறேன். அப்படியானால் பழைய பாஸ்வேர்டுகள்? அதே கோப்பில் மேலே போனேன். இருந்தன, ஒவ்வொரு எடைக்கும் ஒருமுறை, இரண்டு வருடத்துக்கு. அந்தக் கோப்பையும் அதன் பேக்கப்புகளையும் அழித்தேன், வசதியை அணைத்தேன், எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தேன். தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் அது அவர்களுடைய பாஸ்வேர்டு. அதையே வேறு இடத்திலும் வைத்திருக்கலாம், அங்கேயும் மாற்ற வேண்டியவர்கள் அவர்கள்தான். இனி லாகில் எழுதும் முன் பாஸ்வேர்டு, டோக்கன், ஆத்தரைசேஷன் மூன்றும் மறைக்கப்படும்.

பழைய முறையை நிறுத்துவதில் அவசரப்படவில்லை. பாஸ்வேர்டோடு வரும் கோரிக்கைகளைச் சர்வர் தொடர்ந்து ஏற்றுக்கொண்டது, எந்தப் போனிலிருந்து என்று மட்டும் குறித்துக்கொண்டது. தினமும் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். ஏழு, நாலு, இரண்டு, ஒன்று. அந்த ஒன்று குப்பனூர்ச் சாலைப் பக்கம் இருக்கும் களம். அங்கே எடை போடுகிற பெரியவர் ஆப்பைப் புதுப்பிக்கவே மாட்டேன் என்றார். "இது ஓடுதுங்க, எதுக்குத் தொடணும்?" பறிப்பு நடுவில் அவர் சொல்வது நியாயம். ஞாயிற்றுக்கிழமை களம் ஓய்ந்திருந்தபோது போய், அவர் முன்னாலேயே புதுப்பித்து, பழைய எடைகள் எல்லாம் அப்படியே இருப்பதைக் காட்டிய பிறகுதான் விட்டார். ஒரு வாரம் பூஜ்யம் நின்ற பின் பழைய வழியை அடைத்தேன்.

ரைட்டர் அண்ணனுக்கு ஒரு திரை செய்து கொடுத்தேன். எந்தெந்தப் போன் உள்ளே இருக்கிறது, கடைசியாக எப்போது பேசியது, பக்கத்தில் நீக்கு என்று ஒரு பொத்தான். லாகின் செய்யும்போது போனுக்கு ஒரு பெயர் கேட்கிறோம், கீழ்க்களம், மேல்களம் என்று வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு மாற்றினால் அந்தப் பயனரின் எல்லா டோக்கனும் போகும், நீக்கு அழுத்தினால் அந்தப் போன் மட்டும்.

ஜனவரியில் மேல்களத்துப் போன் தொலைந்தது. இந்த முறை பேருந்தில், சேலம் இறங்கும்போது. காலை ஏழு மணிக்கு அண்ணன் அழைத்தார். நான் எடுப்பதற்குள் அவரே நீக்கிவிட்டிருந்தார். "நீக்கிட்டேன் தம்பி, சரிதானுங்களேன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றார். மற்ற களங்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, எடை நடந்துகொண்டிருந்தது. பதினொன்றே காலுக்கு அந்தப் போனிலிருந்து ஒரு கோரிக்கை வந்து 401 வாங்கிப் போயிருந்தது, யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள்.

அதில் முந்தின நாள் மாலையின் ஆறு எடைகள் அனுப்பாமல் நின்றிருந்தன. போனோடு அவையும் போயின. அந்த ஆறையும் அண்ணன் செக்ரோல் நோட்டைப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கையால் ஏற்றிவிட்டார்.